தோள் கணக்கு

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்
வலி எத்தனை என்று கேட்டார்
பெரியாஸ்பத்திரி டாக்டர்.
எனக்குப் பழகிய எண்ணிக்கை வேறு.
ராத்திரிக்கு இருபத்தைந்து கிலோ மைதா,
நானூற்றைம்பது உருப்படி,
சனிக்கிழமை அறுநூறு.
பத்து என்றால் ஒரு பார்சல்.
அவர் காத்திருந்தார், எனக்குப் பின்னால் வரிசையும்.
ஏழு என்றேன்.
குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று
கோரிப்பாளையம் சிக்னல் வரைக்கும் யோசனை.

படத்தில் ஒன்றுமில்லையாம்.
எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்த பஞ்சவர்ணம்
"நல்லாத்தானே இருக்கு" என்றாள்.
அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான்
மூன்று வருஷமாக யாரோ
பொருந்தாத சாவியைப் போட்டுத்
திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

நரம்புக்கு ஒரு மாத்திரை,
அந்த மாத்திரை வயிற்றைக் கெடுக்காமலிருக்க இன்னொன்று.
சித்தா பிரிவில் தைலம் கொடுத்தார்கள்,
மாத்திரையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
திருமங்கலம் ரோட்டில் வர்மம் பார்க்கும் தாசையா
கழுத்தோரம் கட்டைவிரலை வைத்ததும்
கண்ணில் தண்ணீர் தானாக வந்தது.
தைலத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.
ஒரே வண்டியை மூன்று கடையில் அடகு வைத்தவன் போல
முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு
திரிந்தேன்.

பிசியோதெரபி அறையில் ஹெப்சிபா
முதல் நாளே மூக்கால் கண்டுபிடித்தாள்.
"என்ன தைலம்ணே?"
திட்டவில்லை.
"எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க.
மாத்திரை, தைலம், தூக்கம், சண்டை."
"சண்டையுமா?"
"அதுவும் தோள்லதான் போய் உக்காருது."

மாவுக் கணக்கு நோட்டின் பின்பக்கம்.
செவ்வாய்: தூக்கம் நாலு மணி நேரம். எட்டு.
புதன்: வட்டிக்காரர் வீட்டுக்கே வந்தார். ஒன்பது.
எழுதின பிறகுதான் பார்த்தேன்,
புதன்கிழமை எனக்கு லீவு.
ஒரு பரோட்டாகூட வீசவில்லை.
வியாழன்: மழை, கரண்ட் இல்லை,
ரிஸ்வான் முதலாளி மாதிரி நடித்துக் காட்டினான்,
சிரித்துச் சிரித்து விலா வலித்தது.
தோளுக்கு எதுவும் போட மறந்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தை
மேல்மாடிக்கும் எடுத்துப் போனாள், சித்தா பிரிவுக்கும்.
அவர்களுக்குள் என்ன பேசினார்களோ,
ஒரு மாத்திரை பாதியானது,
தைலம் படுக்கப்போகும் நேரத்துக்கு மாறியது,
தாசையாவிடம் கழுத்தை மட்டும்
ஒடிக்க வேண்டாமென்று சொல்லச் சொன்னார்கள்.
சொன்னேன்.
அன்று முழுக்க அவர் பேசாமல் தடவினார்.

ஒரு சாயங்காலம் தெற்குவாசல் கடைக்கே வந்தாள்,
பிள்ளைக்குப் பார்சல் வாங்க.
நான் வீசுவதைப் பார்த்தவள்
வாங்க வந்ததை மறந்து
என் இடுப்பை, கல்மேடையை, மறுபடி இடுப்பைப் பார்த்தாள்.
"இது யார் உயரத்துக்குப் போட்டது?"
எனக்கு முன்னால் நின்ற மாஸ்டர் குள்ளம்.
பதினேழு வருஷமாக
அவர் உயரத்துக்கு நான் குனிந்திருக்கிறேன்.

காலுக்கு ரெண்டாக எட்டுச் செங்கல்.
முதலாளி அரைநாள் முனகினார்.

இப்போது மூன்று, சில நாள் ஐந்து,
மார்கழி விடியலில் ஆறுக்குக் குறைவதில்லை.
ஐம்பது வீசியதும் நிறுத்திவிட்டு
அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில்
விரல்களை எறும்பு போல ஏற்றுகிறேன்.
கரி படிந்த சுண்ணாம்பில் என் தடம்,
போன மாதம் சுவிட்ச் போர்டு வரை,
இந்த மாதம் அதற்கும் மேலே.
பழைய காலண்டர் ஆணிக்கு
இன்னும் நாலு விரல்கடை இருக்கிறது.

"மாஸ்டர், பத்து பார்சல்" என்கிறது கல்லா.

இருங்க, என்கிறேன்
சுவரைப் பார்த்தபடி.